கச்சிராயபாளையத்துக் குளிர்பெட்டிகளின் ஆயுள்: ஒரு பரபக்க, சுபக்க விசாரணை

பாயிரம்

ஒரு பொருளின் ஆயுளை ஆராயப் புகுகிறவர், முன்னோர் அதைப் பற்றிச் சொன்னதை எடுத்துவைத்துவிட்டுத்தான் தன் வாயைத் திறக்க வேண்டும் என்பது மரபு. ஃப்ரிட்ஜ் விஷயத்தில் முன்னோர் என்று சொல்லத்தக்கவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார். மின்னணுக் கழிவு விதிகளின்படி எந்த நிறுவனம் எவ்வளவு பழைய சரக்குக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று கணக்கிடுவதற்காக அவர்கள் வகுத்த பட்டியலில் ஃப்ரிட்ஜின் சராசரி ஆயுள் 10 ஆண்டு. முன்னே பின்னே ஒரு மாதம்கூட இல்லாத முழு எண்.

இந்த எண்ணைக் கச்சிராயபாளையத்தில் ஏதாவது ஒரு திண்ணையில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். "பத்து வருஷமா? எங்க வூட்டுது பெரியவ காதுகுத்துக்கு வாங்கினது. அவளுக்கே இப்ப ரெண்டு புள்ள" என்று உள்ளிருந்து ஒரு குரல் வரும். "எங்களுது ரெண்டாம் வருஷமே பூடுச்சு" என்று எதிர்வீட்டிலிருந்து இன்னொரு குரல் வரும். வாரியத்தின் 10 இந்த இரண்டு குரல்களுக்கும் நடுவே தெருவில் நிற்கிறது. எந்த வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. நுழையாமைக்குக் காரணம் காண்பதே இக்கட்டுரையின் பயன் என்க.

இனி, களம். கச்சிராயபாளையம் கல்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. பக்கத்தில் 46 அடிக் கோமுகி அணை. கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் இரண்டாவது ஆலை இந்த ஊரில். சுற்றிலும் கரும்பு, மரவள்ளி, நெல். இங்கிருந்துதான் வெள்ளிமலைக்குப் பாதை ஏறுகிறது. ஆகவே கீழ்நாட்டு வெயில், கரும்புக்காட்டு மோட்டார், கரும்புக்காட்டு எலி, மலையிலிருந்து இறங்கும் இடி மின்னல் என்று ஒரு ஃப்ரிட்ஜுக்கு நேரக்கூடிய சோதனைகள் எல்லாம் ஒரே பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் கிடைக்கின்றன. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு மரச்சிற்பம்தான் புகழ். புவிசார் குறியீடும் அதற்குத்தான் கிடைத்தது. ஃப்ரிட்ஜ் ஆராய்ச்சியிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்பதை உலகம் இன்னும் உணரவில்லை.

ஆய்வுமுறை எளியது. நம் வீடுகளில் ஃப்ரிட்ஜ் அடுப்பங்கரையில் இருப்பதில்லை. கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி இருக்கிறது. எனவே ஆய்வாளர் உள்ளே போய் உட்கார்ந்து "கொஞ்சம் ஜில்லுனு தண்ணி" என்று கேட்டாலே போதும். கதவு திறக்கும், ரப்பர் ஒட்டுகிறதா என்பது தெரியும், விளக்கு எரிகிறதா என்பது தெரியும், மேல்தட்டில் எவ்வளவு பனி கட்டியிருக்கிறது என்பதும் தெரியும். இம்முறையின் ஒரே குறை ஆய்வாளருக்குத் தொண்டை கட்டிக்கொள்வது.

பரபக்கம்

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். பிறர் மதங்களை எடுத்துவைத்து மறுத்த பிறகே தம் மதத்தைச் சொன்னார். ஃப்ரிட்ஜ் ஆயுள் பற்றியும் ஊரில் நான்கு மதங்கள் நடமாடுகின்றன. கடைக்காரர் மதம், மாமியார் மதம், வாஸ்து மதம், மெக்கானிக் மதம்.

கடைக்காரர் மதமாவது: ஃப்ரிட்ஜின் ஆயுள் வாரன்ட்டி அட்டையில் எழுதியிருப்பதே. "கம்ப்ரசருக்குப் பத்து வருஷம் சார், கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க." இதில் மறைந்திருக்கும் நுட்பம், பத்து வருஷம் கம்ப்ரசருக்கு மட்டுமே. கதவு ரப்பர், தெர்மோஸ்டாட், ரிலே, விளக்கு, தட்டு ஆகிய மீதி உறுப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே வருஷம். உடலின் மற்ற உறுப்பெல்லாம் போய்விட்ட பிறகும் இதயம் மட்டும் உத்தரவாதத்தோடு துடிக்கும் நிலையைச் சித்தர்கள்கூடக் கற்பனை செய்ததில்லை. ஆகலின் இம்மதம் ஓர் உறுப்பின் ஆயுளை முழுமையின் ஆயுளாக மயங்கிய குற்றம் உடைத்து.

மாமியார் மதமாவது: பழையதே நிலைக்கும்; புதியது நில்லாது. சான்றாகக் கூடத்தில் நிற்கும் பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியைக் காட்டுவர். கெல்வினேட்டர், ஆல்வின், கோத்ரெஜ் என்று அதன் நெற்றியில் பெயர் இருக்கும், அல்லது பெயர் உதிர்ந்த தழும்பு இருக்கும். இம்மதத்தை மறுப்பது ஆபத்தானது என்றாலும் ஆய்வு நேர்மை கருதி மறுத்தாக வேண்டும். நாம் பார்க்கும் பழைய பெட்டிகள் பிழைத்தவை மட்டுமே. அதே வருஷம் வாங்கிச் செத்தவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டன. சாட்சி சொல்ல வரமாட்டா. பிழைத்தவரை மட்டும் எண்ணி முடிவு கட்டும் இந்தப் பிழையை இரண்டாம் உலகப் போரில் சுட்டிக்காட்டியவர் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியலார். திரும்பி வந்த விமானங்களில் குண்டு பட்ட இடத்துக்குத் தகடு போடாதீர்கள், திரும்பாத விமானங்கள் அடிபட்ட இடம் வேறு, என்றார். அவர் இந்தியாவில் சொற்பொழிவுப் பயணம் வந்தபோது 1950 டிசம்பரில் மனைவியோடு விமான விபத்தில் இறந்தார். விபத்து நடந்தது நம் நீலகிரி மலையில். பிழைத்தவர் கணக்கைப் பற்றி உலகம் படிக்கும் பாடத்தின் ஆசிரியருக்குத் தமிழ்நாட்டில்தான் முடிவு நேர்ந்தது என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை.

ஆனாலும் மாமியார் மதத்தை முழுதும் தள்ளிவிட முடியாது. பழைய ஒற்றைக் கதவுப் பெட்டியில் கெடுவதற்கு அதிகம் இல்லை. கம்ப்ரசர், பின்பக்கக் காயில், தெர்மோஸ்டாட், ரிலே, தீர்ந்தது. பனி கட்டாத இரட்டைக் கதவுப் பெட்டிக்கு இவற்றோடு உள்ளே ஒரு ஃபேன், பனியை உருக்க ஒரு ஹீட்டர், அதை நேரம் பார்த்து இயக்க ஒரு டைமர், இப்போது ஒரு சர்க்யூட் போர்டும். உறுப்பு கூடினால் நோயும் கூடும். பழையதின் பக்கம் இது ஒன்று. எதிர்ப்பக்கம் கரன்ட் பில். நாளுக்கு ஒரே யூனிட் தின்னும் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் இரண்டு மாதத்தில் 60 யூனிட். 2016 முதல் வீடுகளுக்குக் கட்டணமில்லாமல் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதிக்கு மேல் அந்தப் பெட்டி ஒன்றே சாப்பிட்டுவிடும். "ஓடுதில்ல?" என்பதே இதற்கு இம்மதத்தார் தரும் விடை.

வாஸ்து மதத்தாரைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. தென்கிழக்கா வடமேற்கா என்று அவர்கள் வாதிடுகிறார்கள். வயரிங் செய்தவர் பிளக் பாயின்ட் வைத்த இடமே நடைமுறையில் ஃப்ரிட்ஜின் திசை. திசையைவிடச் சுவர் முக்கியம். பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சூட்டைப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ கொட்டியாக வேண்டும். கொட்ட இடமில்லாமல் சுவரோடு ஒட்டிவைத்தால் கொட்டிய சூட்டையே திரும்ப அள்ளிக் கம்ப்ரசர் நாள் முழுக்க ஓடும். வெப்பநாடுகளுக்கென்று செய்த பெட்டிகள் சுற்றுச்சூடு 43 டிகிரி வரைக்கும்தான் கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. மே மாதம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில் பீரோ, மேலே மடித்த போர்வை என்று நிற்கும் பெட்டியின் முதுகுப்பக்கம் என்ன சூடு இருக்கும் என்பதைக் கை வைத்துப் பார்த்தவர் அறிவர். மோட்டார் சுருளின் இன்சுலேஷனுக்குச் சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்று மின்பொறியாளர்கள் ஒரு வாய்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு சாண் இடைவெளிக்கு இதைவிடப் பெரிய பரிந்துரைக் கடிதம் இல்லை.

எஞ்சியது மெக்கானிக் மதம். இதுவே நான்கிலும் வலியது. "எல்லாம் வோல்டேஜ்தான்" என்ற ஒற்றைச் சூத்திரத்தால் ஆனது. இதற்கு உரை வருமாறு.

கம்ப்ரசர் என்பது ஒரு மோட்டார். அது நின்றிருக்கும் நிலையிலிருந்து கிளம்பும் நொடிதான் அதன் வாழ்க்கையில் கடினமான நொடி. கிளம்பும்போது அதற்குக் கிடைக்கும் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் முழு இழுப்பு என்றால் 160 வோல்ட்டில் பாதி இழுப்புகூட இல்லை. ஒற்றை மாட்டைப் பூட்டி முழுப் பாரக் கரும்பு வண்டியை மேட்டில் ஏற்றச் சொல்வதுதான் இது. கிளம்ப முடியாத மோட்டார் முக்கிக்கொண்டு நிற்கும், நிற்கும் மோட்டார் மிக அதிகக் கரன்ட் இழுக்கும், சுருள் கொதிக்கும், ஓவர்லோடு என்ற காவலாளி 'டிக்' என்று இணைப்பை வெட்டுவான், ஆறியதும் மறுபடி சேர்ப்பான், மறுபடி 'டிக்'. இரவு சாப்பாட்டு நேரத்தில் கூடத்திலிருந்து வரும் இந்த 'டிக், டிக்' ஒலியைப் பல்லி சொல்வதாக எடுத்துக்கொண்டு சகுனம் பார்ப்பவர்களும் உண்டு. சகுனம் சரிதான். செலவு வருகிறது.

வோல்டேஜ் ஏன் இறங்குகிறது என்பதற்குக் கரும்பே விடை. 1990 முதல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் கட்டணமில்லாமல் வருகிறது. மும்முனைக் கரன்ட் வந்த மாத்திரத்தில் காட்டில் மோட்டார்கள் ஓடத் தொடங்கும். அதே டிரான்ஸ்ஃபார்மரின் வால்முனையில் இருக்கும் வீட்டில் டியூப்லைட் கண் சிமிட்டும், ஃபேன் தளரும், ஃப்ரிட்ஜ் முனகும். அந்தக் கரும்புதான் ஆலைக்குப் போய்ச் சர்க்கரையாகி, அந்த வீட்டு ஃப்ரிட்ஜில் பாயசமாகக் குளிர்கிறது. குற்றவாளியையும் பயனாளியையும் பிரிக்க முடியாத இந்தச் சுழற்சிக்கு நடுவே நிற்பது ஸ்டெபிலைசர்.

ஸ்டெபிலைசரின் பெருமை வோல்டேஜைத் தூக்கிக் கொடுப்பதில் மட்டும் இல்லை. கரன்ட் போய் உடனே திரும்பி வந்தால் குழாய்க்குள் அழுத்தம் இன்னும் சமப்பட்டிருக்காது. அந்த அழுத்தத்தை எதிர்த்துக் கம்ப்ரசரால் கிளம்ப முடியாது. மூன்று முதல் ஐந்து நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும். நல்ல ஸ்டெபிலைசர் அந்தப் பொறுமையைத் தானே காட்டும். மனிதர்கள் காட்டமாட்டார்கள். கரன்ட் வந்ததும் "ஃப்ரிட்ஜப் போடு, மாவு புளிச்சிரும்" என்று குரல் கொடுத்துவிடுவார்கள். மேலும், ஃப்ரிட்ஜுக்கென்று வாங்கிய ஸ்டெபிலைசரில் நாளடைவில் டிவியும், செட்டாப் பாக்ஸும், பேரனின் செல்போன் சார்ஜரும் குடியேறி, காவலாளியே நோயாளியாகிவிடும் நிகழ்வுகளையும் இந்த ஆய்வு கண்டது.

உராயும் உறுப்பே இல்லாமல் ஒரு ஃப்ரிட்ஜைச் செய்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்று ஐன்ஸ்டீனும் லியோ ஸிலார்டும் யோசித்தார்கள். பெர்லினில் ஒரு குடும்பம் ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த நச்சு வாயுவால் இறந்த செய்தி அவர்களைத் தூண்டியது என்பர். 1930 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கினார்கள். அந்த ஃப்ரிட்ஜ் சந்தைக்கு வரவே இல்லை. ஆகவே அந்த வகையில் இன்றுவரை ஒன்றுகூடக் கெட்டதில்லை.

மெக்கானிக் மதத்தின் மேல் எங்களுக்கு உள்ள ஒரே ஆட்சேபம், அது இயற்கை மரணத்தை மட்டும் பேசுகிறது என்பதே. ஊரில் நிகழும் ஃப்ரிட்ஜ் மரணங்களில் ஒரு பகுதி கொலை.

கொலைப்படலம்

கருவி: காய் நறுக்கும் கத்தி. இடம்: ஒற்றைக் கதவுப் பெட்டியின் ஃப்ரீசர். காரணம்: சித்திரை மாதத்து எலுமிச்சை ஜூஸ்.

ஃப்ரீசரைச் சுற்றியுள்ள வெள்ளைத் தகடு வெறும் தகடு அன்று. இரண்டு அலுமினியத் தாள்களை ஒட்டி, நடுவே வாய்க்கால் விட்டு, அந்த வாய்க்காலில்தான் கேஸ் ஓடுகிறது. பனி கனமாகக் கட்டி ஐஸ் தட்டு ஒட்டிக்கொள்ளும்போது, டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கப் பொறுமை இல்லாதவர் கத்தியால் நெம்புவார். 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கேஸ் போயிற்று, ஓட்டை வழியே ஈரம் உள்ளே புகுந்தால் அடுத்தது கம்ப்ரசர். குற்றப் புலனாய்வு வழக்கமாக இப்படி நடக்கும்:

"யாருக்கா இதுல கத்திய வுட்டது?"

"யாரும் வுடலியேப்பா. தானா பொத்துக்குச்சு."

"தானா பொத்துக்கிட்டா இப்படி நீட்டமா கீறல் வுழுமா?"

"அப்ப வாங்கும்போதே இருந்திருக்கும்."

இந்த உரையாடலில் ஒப்புதல் வாக்குமூலம் பதிவானதாக எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை. பனி கட்டாத பெட்டிகள் வந்த பிறகு இக்கொலை குறைந்தது. ஹீட்டருக்கு இதில் நன்றி சொல்ல வேண்டும். அதன் மேல் மாமியார் மதத்தார் வைத்த பழியில் பாதியை இதற்காகக் கழித்துவிடலாம்.

கத்திக்கு அடுத்தது பற்கள். கரும்பு வெட்டு முடிந்ததும் காட்டில் இருந்த எலிகள் வீடுகளை நோக்கி இடம்பெயர்கின்றன. ஃப்ரிட்ஜின் பின்புறம் சூடானது, இருட்டானது, யாரும் பெருக்காதது. இம்மூன்று நற்குணங்களாலும் ஈர்க்கப்பட்டு அங்கே குடியிருக்கும் எலி, பொழுதுபோகாமல் ஒயரைக் கடிக்கிறது. ரிலே மூடியின் இடுக்கில் ஒண்டும் பல்லி தானும் செத்து ரிலேயையும் சாகடிக்கிறது. எறும்பு கெடுதல் செய்வதில்லை. கதவு ரப்பரின் மடிப்பில் சிந்திய பாயசத்தை அது வரிசையில் வந்து சுத்தம் செய்துகொடுப்பதால், அதை நண்பர் பட்டியலில் சேர்க்கிறோம். அந்த ரப்பரின் மேல் ஆய்வாளர்கள் இன்னும் அக்கறை காட்ட வேண்டும். ஒரு தாளைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்தது, குளிர் இரவு பகலாகத் தெருவுக்குப் போகிறது என்று பொருள். ரப்பரை மாற்றுவது சின்னச் செலவு. மாற்றாமல் விட்டால் அது கம்ப்ரசரின் கணக்கில் எழுதப்படும்.

கதவு திறக்கும் எண்ணிக்கையும் ஒரு காரணி. இந்த எண்ணிக்கையை வீட்டு உறுப்பினர் தொகையால் மட்டும் கணக்கிட முடியாது. ஃப்ரிட்ஜ் உள்ள வீட்டில் பக்கத்து வீட்டு இட்லி மாவு இருக்கும், மூன்றாம் வீட்டுப் பெரியவரின் இன்சுலின் இருக்கும், நாளைக் காலை வளைகாப்புக்கு வாங்கிய மல்லிப்பூ ஈரத்துணியில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய குழம்பு புதன்கிழமை வரை இருக்கும். அரசு 2006இல் கொடுக்கத் தொடங்கியது டிவி, 2011இல் மிக்சி, கிரைண்டர், ஃபேன். ஃப்ரிட்ஜ் அந்த வரிசையில் இல்லை. அந்தக் குறையை அக்கம்பக்கம் தானே ஏற்பாடு செய்து தீர்த்துக்கொண்டது. இதனால் பெட்டியின் ஆயுள் குறைகிறதா என்றால் குறைகிறது. அதைச் சொல்லி இன்சுலினைத் திருப்பிக் கொடுத்த வீடு ஒன்றும் இந்த ஆய்வுக்குக் கிட்டவில்லை.

மலைப்படலம்

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஏறினால் இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரத்தில் ஊர்கள். சுற்றுச்சூடு குறைவு, கம்ப்ரசருக்குக் கீழ்நாட்டில் கிடைக்காத ஓய்வு அங்கே கிடைக்கும். அந்த லாபத்தை இடி மின்னலும் நீண்ட மின்தடையும் திரும்ப வாங்கிக்கொள்கின்றன. மலைக்குப் போகும் பெட்டிக்குத் தனியாக ஒரு கண்டமும் உண்டு. அது பிக்கப் வண்டியில், மலைப்பாதை வளைவுகளில் விழாமலிருக்கப் படுக்கவைத்துப் பயணம் போகிறது. படுத்தால் கம்ப்ரசரின் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். போய் இறக்கியவுடன் பிளக்கைச் செருகினால் எண்ணெய் இல்லாத கம்ப்ரசர் ஓடும். சில மணி நேரம் நிமிர்த்து நிற்கவைத்து எண்ணெய் இறங்கிய பிறகே சுவிட்சைத் தொட வேண்டும். ஆனால் ஃப்ரிட்ஜ் வந்திறங்கிய வீட்டில் ஐஸ் கட்டி பார்க்கக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் இதை யார் விளக்குவது?

மலையின் சொந்தச் சரக்குக்கு ஃப்ரிட்ஜ் தேவையே இல்லை என்பது இதில் வேடிக்கை. தேன், கடுக்காய், புளி, சாமை, தினை எல்லாம் ஒழுங்காகக் காயவைத்து மூடிவைத்தால் பல ஃப்ரிட்ஜ்களை வழியனுப்பிவிட்டு நிற்கக்கூடியவை. தேனைக் குளிரில் வைத்தால்தான் வம்பு. இறுகிச் சர்க்கரை போலப் படிந்துவிடும். "கலப்படம் பண்ணிட்டான்" என்று மலைக்காரர் மேல் பழி விழும். இதற்கு நேர்மாறானது மரவள்ளி. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலம் பாய்ந்து கெட்டுவிடும். அதை வண்டிக் கணக்கில் விளைவிப்பவர் வீட்டு 165 லிட்டர் பெட்டி அதற்கு என்ன செய்துவிட முடியும்?

சுபக்கம்

இதுவரை மறுத்தது பிறர் மதம். இனி எம் மதம்.

இயந்திரங்களின் மரணத்தைப் படமாக வரைந்தால் தொட்டி வடிவக் கோடு ஒன்று வரும் என்று நம்பகவியலார் சொல்வர். தொடக்கத்தில் பிள்ளைப் பருவ மரணம் அதிகம். நடுவில் நெடுநாள் அமைதி. கடைசியில் மூப்பால் மறுபடி ஏற்றம். மேனாட்டார் இதைக் குளியல் தொட்டி வளைவு என்பர். கச்சிராயபாளையத்தில் கோமுகித் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் குளித்தவர்களுக்கு அந்தப் பெயர் பிடிபடாது. வாய்க்கால் வளைவு என்றே இங்கு வழங்கப்படும். இடக்கரையில் "ரெண்டாம் வருஷமே பூடுச்சு" வீடு. வலக்கரையில் காதுகுத்து வீடு.

ஆனால் வலக்கரையில் ஒரு சிக்கல். கோடு மேலே ஏறுவதற்கு மரணங்கள் பதிவாக வேண்டும். மரணம் என்றால் என்ன? "கூலிங் நின்றுபோவது" என்று வாரியம் முதல் மெக்கானிக் வரை எல்லோரும் சொல்லாமல் கொள்கிறார்கள். காதுகுத்து வீட்டுப் பெட்டியில் கூலிங் நின்று வெகுகாலம் ஆயிற்று என்பது இரண்டாம் டம்ளர் தண்ணீர் கேட்டபோதுதான் தெரியவந்தது. தண்ணீர் வந்தது பானையிலிருந்து. பெட்டிக்குள் இருந்தவை பட்டா, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகைகள், பேத்தியின் பள்ளிச் சான்றிதழ், பட்டுப்புடவை ஒன்று. "எலி போவாது, எறும்பு போவாது, பூட்டும் இருக்குது" என்றார் அந்த அம்மாள். வேறொரு வீட்டில் உளுந்தும் பச்சைப்பயறும். காந்த ரப்பர் உள்ள கதவு காற்றுப் புகாமல் மூடுவதால் தானியத்துக்கு அது நல்ல பத்தாயம்தான். ஒன்றே நிபந்தனை: நன்றாகக் காயாத பயறை வைத்தால் உள்ளே ஈரம் வெளியேற வழியின்றிப் பூசணம் பிடிக்கும்.

இந்தியாவிலேயே செய்த முதல் ஃப்ரிட்ஜை கோத்ரெஜ் கொண்டுவந்த 1958ஆம் ஆண்டில்தான் கப்லன், மேயர் என்ற இருவர் ஆயுள் கணக்கிடும் முறை ஒன்றை வெளியிட்டார்கள். ஆய்வு முடியும்போதும் சாகாமல் இருப்பவர்களையும், நடுவில் கண்ணிலிருந்து மறைந்தவர்களையும் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்பதே அதன் சாரம். மருத்துவமனைகள் இன்றும் அதைத்தான் கையாள்கின்றன. இந்த இரு நிகழ்ச்சிகளும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயல் என்று நம்ப இந்த ஆய்வாளரின் மனம் ஒப்பவில்லை.

குளிர் நின்றால் மரணம் என்ற இலக்கணத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டில் ஒரு பெருஞ்சான்று கடற்கரையிலேயே நிற்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி, பாதி உலகத்தைச் சுற்றிக் கொண்டுவந்து விற்ற ஃபிரெடரிக் டூடர், அதை இறக்கிவைக்கச் சென்னையில் 1842இல் ஒரு கட்டடம் எழுப்பினார். ஊரின் முதல் பெரிய ஃப்ரிட்ஜ் என்று அதைச் சொல்லலாம். இயந்திரத்தால் ஐஸ் செய்யும் தொழில் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீலின் வீடாயிற்று. 1897இல் மேனாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் அதில் தங்கினார். இன்று அது விவேகானந்தர் இல்லம். உள்ளே ஒரு துண்டு ஐஸ் இல்லாமல் நூறாண்டுக்கு மேல் ஆகியும் பஸ் கண்டக்டர் இன்னும் "ஐஸ் ஹவுஸ்" என்றுதான் கூப்பிடுகிறார். ஐஸ் இருந்த காலத்தைவிட இல்லாத காலம்தான் அதற்கு நீண்டது. அதைச் செத்த கட்டடம் என்று யாரும் சொன்னதில்லை. அப்படியிருக்கக் காதுகுத்து வீட்டுப் பெட்டியை மட்டும் எந்த வாயால் செத்தது என்பது?

ஒரு சாரார், பழைய இரும்புக் கடைக்குப் போவதே மரணம் என்பர். இது ஓரளவு ஏற்கத்தக்கது. ஆனால் அந்த மரணம் நல்ல மரணம் அன்று. எடைக்கு வாங்குபவர் கம்ப்ரசரை வெட்டியெடுக்கும்போது மிச்சமுள்ள கேஸ் காற்றோடு போகிறது. பழைய பெட்டிகளில் இருந்த ஆர்-12 ஓசோனைத் தின்னும் என்றுதான் 1987இல் மான்ட்ரியலில் உலகம் கூடி ஒப்பந்தம் போட்டது; வெப்பமாக்கும் திறத்தில் கரியமில வாயுவைப் போல் பல ஆயிரம் மடங்கு அது. புதிய பெட்டிகளில் இருக்கும் ஆர்-600ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் தீப்பற்றும். வெட்டுபவர் வாயில் பீடி இருந்தால் அவருடைய ஆயுளும் ஆய்வுப்பொருளாகிவிடும். ஆகவே பெட்டியைக் கைவிடுவதென்றால் பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சியாளர் வழியாகக் கைவிடுவதே முறை.

கைவிடாமல் பீரோவாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு இங்கே வேடிக்கையை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். பழைய பெட்டிகளில் வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கொக்கிப் பூட்டு உண்டு. ஒளிந்து விளையாடப் புகுந்த பிள்ளைகள் உள்ளே மாட்டி மூச்சுமுட்டி இறந்ததால்தான் உள்ளிருந்தும் தள்ளித் திறக்கும்படி கதவு செய்ய வேண்டும் என்று அமெரிக்கா 1956இல் சட்டம் போட்டது. கொல்லையில் போட்ட பழைய பெட்டி என்றால் கதவையே கழற்றிவிடுங்கள்.

ஆட்சேபமும் விடையும்

ஆக, மரணத்துக்குப் பொருத்தமான இலக்கணம் வேண்டும். கூலிங் ஆகாது, இரும்புக் கடையும் முழுப் பொருந்தாது, ஏனெனில் அங்கே போனதன் கதவு மட்டும் திரும்பி வந்து மாட்டுக்கொட்டகையில் தடுப்பாக நிற்பதைக் கண்டோம். நாங்கள் முன்வைப்பது குங்குமத் தேர்வு. ஆயுத பூஜையன்று வீட்டைச் சுற்றி வாருங்கள். எந்தப் பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறதோ அது உயிரோடு இருக்கிறது. வைக்காமல் விட்டது இறந்தது. செலவில்லாதது, ஆண்டுக்கொரு முறை தானே நடப்பது, மெக்கானிக் தேவையில்லாதது, முடிவில் சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஓடும் பெட்டிக்கும் உளுந்துப் பெட்டிக்கும் பட்டாப் பெட்டிக்கும் ஒரே அளவில் குங்குமம் விழுகிறது. கொட்டகைக் கதவுக்குக்கூடப் போகிற போக்கில் ஒரு பொட்டு.

இத்தேர்வின்படி பார்த்தால் களத்தில் பாதிப் பெட்டிகள்கூட இறக்கவில்லை. கப்லன், மேயர் முறையில் பாதிப்பேர் சாகாதவரை நடு ஆயுளைச் சொல்ல முடியாது; அந்த இடத்தில் "இன்னும் எட்டவில்லை" என்று எழுதிவிட்டு நகர்வதே புள்ளியியல் ஒழுக்கம். அவ்வாறே எழுதுகிறோம்: கச்சிராயபாளையத்தில் ஃப்ரிட்ஜின் நடு ஆயுள் இன்னும் எட்டவில்லை.

அற்றேல் அஃதாக, ஆயுத பூஜையன்று அம்மிக்கல்லுக்கும்தானே குங்குமம் வைக்கிறார்கள், அது எப்படி உயிருக்குச் சான்றாகும் எனின், வைக்கிறார்கள்தான். அம்மிக்கல்லின் சராசரி ஆயுளை வாரியம் தன் பட்டியலில் சேர்க்கும்போது அதற்கும் விடை சொல்வோம்.